வீட்டு அலமாரியில் நான்கு சர்வர்கள்: தோட்டத்துப் படங்களைப் பத்திரப்படுத்திய கதை

எங்கள் தோட்டம் இன்று இல்லை. கெடாவில் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. லயங்களை இடித்துவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் இப்போது தாமான் வீடுகள் நிற்கின்றன. தோட்டத்து மக்கள் கிள்ளான், பினாங்கு, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று திசைக்கொன்றாகப் பிரிந்துவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியவை படங்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வீடு வீடாகப் போய், பழைய ஆல்பங்களை வாங்கி, ஸ்கேன் செய்தேன். பிரட்டுக்களம், பால் ஸ்டோர், தமிழ்ப்பள்ளி, தீமிதித் திருவிழா, லயத்து வாசலில் நடந்த கல்யாணங்கள் என்று ஏறக்குறைய 1,800 படங்கள் சேர்ந்தன. அவற்றை மாதக் கட்டணம் வாங்கும் ஓர் இணையச் சேமிப்பகத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் திறந்து பார்த்தால் கணக்கு இல்லை. என் வங்கி அட்டை காலாவதியாகி, கட்டணம் போகாமல் நின்றிருக்கிறது. அவர்கள் அனுப்பிய நினைவூட்டல்கள் நான் பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. தங்கையின் பழைய கணினியில் ஒரு பிரதி இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. முந்நூறு படங்கள் போனவை போனவைதான். அசல் ஆல்பம் வைத்திருந்த இரண்டு பெரியவர்கள் அதற்குள் காலமாகிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது என் பிழை. அதன் பிறகுதான், நம் பொருளை நம் வீட்டிலேயே வைத்தால் என்ன என்று யோசித்தேன். இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு சின்னக் கணினிகள் நான்கு சர்வர்களை ஓட்டுகின்றன. அது எப்படி நடக்கிறது, எதில் கவனம் வேண்டும் என்பதை வாசகர்களுக்குச் சொல்கிறேன். கோவில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம், குடும்பப் படங்கள் என்று எதையாவது பாதுகாக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

சர்வர் என்பது என்ன?

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் பெரிய இயந்திரங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். யார் கேட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுக்க எந்நேரமும் தயாராக இருக்கும் கணினி எதுவானாலும் அது சர்வர்தான். தமிழில் சேவையகம் என்கிறோம்.

பரணில் தூங்கும் பழைய மடிக்கணினிகூட இதற்குப் போதும். என்னிடம் இருப்பது ஒரு பழைய மடிக்கணினியும், 350 வெள்ளிக்கு வாங்கிய பயன்படுத்திய சிறு மேசைக் கணினியும். இரண்டிலும் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது, லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. மென்பொருள் எல்லாமே இலவசம்.

மின்சாரக் கட்டணம் ஏறிவிடாதா என்று வீட்டில் முதல் கேள்வி வந்தது. கணக்கு எளிது. 10 வாட் இழுக்கும் சிறு கணினி மாதம் முழுவதும் ஓடினால் 7.2 யூனிட் ஆகும். 80 வாட் இழுக்கும் பழைய பெரிய மேசைக் கணினி என்றால் ஏறக்குறைய 58 யூனிட். உங்கள் ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். பழைய பெரிய கணினி சும்மா கிடைத்தாலும் அது மலிவு அல்ல என்பது தெரிந்துவிடும்.

மடிக்கணினி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எந்நேரமும் மின்சாரத்தில் செருகியே வைத்தால் அதன் பேட்டரி நாளடைவில் உப்பிவிடலாம். கழற்ற முடிந்த பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் மாதத்துக்கு ஒருமுறையாவது அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.

நான்கு சர்வர்கள் எதற்கு?

முதலாவது 'இமிச்' என்ற படத் தொகுப்பு. தோட்டத்துப் படங்கள் எல்லாம் இதில்தான். யார் முகம் எந்தெந்தப் படத்தில் இருக்கிறது என்றுகூட இது தேடிக் கொடுக்கும். இரண்டாவது 'நெக்ஸ்ட்கிளவுட்'. கோவில் கமிட்டியின் கூட்டக் குறிப்பும் வரவு செலவும் இதில் இருக்கின்றன. மூன்றாவது 'ஜெல்லிஃபின்'. பழைய கேசட்டில் இருந்த பஜனைப் பாடல்களையும் வீடியோ நாடாவில் இருந்த கல்யாணங்களையும் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க உதவுகிறது. நான்காவது 'பை-ஹோல்'. இது வீட்டுக்குள் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும். தொல்லை தரும் விளம்பரங்களையும் தடுக்கும்.

இரண்டே கணினியில் நான்கு சர்வர் எப்படி என்று கேட்கலாம். நாம் வேலைக்கு எடுத்துப்போகும் அடுக்குக் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கும் கைப்பிடி ஒன்றுதான். ஆனால் சோறு ஓர் அடுக்கில், குழம்பு ஓர் அடுக்கில். ஒன்று மற்றொன்றில் கொட்டாது. கணினியில் இப்படி அடுக்கு அடுக்காகப் பிரித்து வைப்பதற்கு 'டோக்கர்' என்ற மென்பொருள் உதவுகிறது. ஒரு சர்வர் கெட்டால் அந்த அடுக்கை மட்டும் கழற்றி மாற்றலாம்.

கிராணியும் கடிதமும்

இந்த நான்கையும் வெளியூரில் இருப்பவர் எப்படி அடைவது? இங்குதான் பலர் குழம்புகிறார்கள். ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது.

அந்தக் காலத்தில் லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வரமாட்டார். எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். வெளியுலகுக்குத் தோட்டத்தின் முகவரி ஒன்றே. உள்ளே எந்த லயம், எத்தனையாவது கதவு என்பது கிராணிக்கு மட்டும் தெரியும். அவர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார்.

வீட்டு இணையமும் அப்படியே. வெளியுலகுக்கு உங்கள் வீட்டின் ஐ.பி. முகவரி ஒன்றுதான். உள்ளே கைப்பேசி, தொலைக்காட்சி, கணினி ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி இருக்கும். அது லயத்துக் கதவு எண் மாதிரி. பக்கத்துத் தோட்டத்திலும் அதே கதவு எண் இருக்கலாம், தவறில்லை. உங்கள் ரவுட்டர்தான் கிராணி.

நீங்கள் வெளியே கடிதம் போட்டால், யார் போட்டது என்று கிராணி குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் சரியான ஆளிடம் கொடுத்துவிடுவார். அதனால்தான் நாம் எதுவும் அமைக்காமலே இணையம் பார்க்க முடிகிறது. ஆனால் யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் கடிதத்தை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடுவார். வீட்டு சர்வரை வெளியிலிருந்து திறக்க முடியாமல் போவதன் காரணம் இதுதான்.

அதற்கு நாம் கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். முகவரியோடு போர்ட் என்ற எண்ணும் சேர்ந்து வரும். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு உரிய எண் 443. "443 என்று எழுதி வரும் கடிதத்தை எல்லாம் 192.168.1.10 கதவில் கொடு" என்று ரவுட்டரில் ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு முன் அந்தக் கணினியின் உள்முகவரி மாறாமல் இருக்கும்படி ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போய் வரும் நாளில் கதவு எண் மாறி, கடிதம் தொலைக்காட்சிக்குப் போய்விடும்.

ஒரு வாசல், பல பெயர்கள்

இப்போது ஒரு சிக்கல். 443ஐ ஒரு கணினிக்குத்தான் காட்ட முடியும். ஆனால் எனக்குப் பல சர்வர்கள் இருக்கின்றன. இமிச் வழக்கமாகக் கேட்கும் எண் 2283. ஜெல்லிஃபின் கேட்பது 8096. அந்த எண்களையும் வெளியே திறந்துவிடலாமே என்று தொடக்கத்தில் நானும் நினைத்தேன். திறந்தும் விட்டேன். வேலை செய்தது. ஆனால் எண்ணைச் சொன்னால் எந்த அத்தைக்கும் நினைவில் நிற்காது. அதைவிட முக்கியமாக, திறந்துவிட்ட ஒவ்வோர் எண்ணும் திருடனுக்குத் தெரியும் இன்னொரு கதவு.

சரியான வழி, வாசலில் ஒரு வரவேற்பாளரை உட்கார வைப்பது. எல்லோரும் 443 என்ற ஒரே வாசலில் வரட்டும். எந்தப் பெயரைத் தேடி வந்தாய் என்று அவர் பார்ப்பார். 'படம்' என்ற பெயரில் வந்தால் இமிச்சுக்கு அனுப்புவார். 'கோவில்' என்று வந்தால் நெக்ஸ்ட்கிளவுடுக்கு. நாம் முகவரிக் கட்டத்தில் எழுதும் பெயரை உலாவி தன்னுடனே எடுத்துவருவதால் இது முடிகிறது. ஒரே ஐ.பி. முகவரியில் பல தளங்கள் இயங்குவது இந்த முறையில்தான்.

இந்த வேலைக்கு 'ரிவர்ஸ் புராக்சி' என்று பெயர். நான் பயன்படுத்துவது 'கேடி' என்ற மென்பொருள். பெயர்தான் கேடி, ஆள் நல்ல பிள்ளை. திரையில் படிவம் நிரப்பிச் செய்ய விரும்புபவர்களுக்கு 'என்ஜின்எக்ஸ் புராக்சி மேனேஜர்' வசதியாக இருக்கும்.

இதற்கு ஓர் இணையப் பெயரை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். ஒரு பெயர் வாங்கினால் போதும். அதன் முன்னால் 'படம்', 'கோவில்' என்று எத்தனை முன்பெயர் வேண்டுமானாலும் நாமே சேர்த்துக்கொள்ளலாம். உலாவியில் பூட்டுக்குறி வருவதற்கான சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கேடி அதைத் தானே செய்துவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். வழங்கப்படும் சான்றிதழ்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆகவே 'இந்தப் பெயரை யாருக்கும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது' என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இன்னொரு விசித்திரமும் நடக்கும். வெளியூரில் திறக்கும் பக்கம், உங்கள் வீட்டுக்குள்ளேயே திறக்காமல் போகலாம். சில ரவுட்டர்களுக்கு, உள்ளே இருந்துகொண்டே வெளி முகவரிக்குக் கடிதம் போட்டால் திருப்பி உள்ளே கொடுக்கத் தெரியாது. அதற்குத்தான் பை-ஹோல். 'படம் என்ற பெயர் 192.168.1.10ல் இருக்கிறது' என்று அதில் ஒரு வரி எழுதினால், வீட்டுக்குள் இருப்பவர்கள் நேராகவே போய்விடுவார்கள்.

முகவரி மாறினால்? முகவரியே இல்லாவிட்டால்?

பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் வெளி முகவரி நிலையானது அல்ல. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறிவிடக்கூடும். இதற்கு ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முகவரியைச் சரிபார்த்து, மாறியிருந்தால் நம் இணையப் பெயரில் புதிய எண்ணைப் பதிந்துவிடும். என் வீட்டில் நடப்பது இதுதான்.

சில வீடுகளில் நிலைமை வேறு. பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 4.3 பில்லியன்தான். 2011 பிப்ரவரியில் உலக அளவிலான கையிருப்பு தீர்ந்துபோனது. அதனால் சில நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. கைப்பேசி இணையத்திலும் இது வழக்கம். பத்துத் தோட்டங்களுக்கு டவுனில் ஒரே தபால் பெட்டி வைத்த மாதிரி இது. நீங்கள் கிராணியிடம் என்ன சொல்லி வைத்தாலும் பயனில்லை. கடிதம் தோட்டம் வரைக்கும் வரவே வராது.

உங்கள் வீடு எப்படி என்று கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டருக்குள் போய் அதன் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். பிறகு, 'என் ஐ.பி. என்ன' என்று காட்டும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் முகவரி உங்களுடையது. வேறாக இருந்தாலோ, ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தாலோ அது பகிர்ந்த முகவரி. கருவி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பல இரவுகள் மிச்சமாகும்.

கதவைத் திறக்கத்தான் வேண்டுமா?

தொடக்கத்தில் நான் செய்த இன்னொரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலிருந்து வீட்டுக் கணினியை இயக்கலாமே என்று 22 என்ற எண்ணையும் வெளியே திறந்துவிட்டேன். மறுநாள் காலை பதிவேட்டைப் பார்த்தால், எங்கெங்கிருந்தோ ஆயிரக்கணக்கான முறை கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்திருக்கிறார்கள். என்னை யாருக்கும் தெரியாது. என் வீட்டில் பணமும் இல்லை. ஆனால் உலகில் உள்ள எல்லா முகவரிகளையும் இயந்திரங்கள் ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. எந்தக் கதவு திறக்கிறதோ அதில் நுழையும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், கடையில் வந்தபடியே கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துத் தன் படையாக்கிப் பெரிய தளங்களையே முடக்கியது. 2022இல் 'டெட்போல்ட்' என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளில் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

ஆகவே பெரும்பாலான குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான்: கதவைத் திறக்கவே வேண்டாம். 'வயர்கார்டு' போன்ற தனிவழி முறை இருக்கிறது. அதையே அடிப்படையாகக் கொண்ட 'டெயில்ஸ்கேல்' என்ற செயலி அமைக்க இன்னும் எளிது. வீட்டு சர்வரிலும் உங்கள் கைப்பேசியிலும் அதைப் போட்டால், நீங்கள் ஈப்போவில் இருந்தாலும் வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரிதான். வெளியாருக்கு எந்தக் கதவும் தெரியாது. பகிர்ந்த முகவரி உள்ள வீட்டிலும் இது வேலை செய்யும். தனிநபர் பயன்பாட்டுக்குக் கட்டணம் இல்லை.

எங்கள் வீட்டில் கோவில் கணக்கும் கல்யாண வீடியோக்களும் தனிவழியில் மட்டுமே திறக்கும். கமிட்டியில் இருப்பவர்கள் ஐந்து பேர். அவர்கள் கைப்பேசியில் நானே செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

படத் தொகுப்பு மட்டும்தான் 443 வாசலில் இருக்கிறது. எழுபது வயதுப் பெரியவர்கள் பலர் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களிடம் செயலி போடச் சொல்ல முடியாது. புலனக் குழுவில் ஓர் இணைப்பை அனுப்பினால் தொட்டுத் திறப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காக நான் சில கடமைகளை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் மென்பொருளைப் புதுப்பிக்கிறேன். பகிரும் ஆல்பத்துக்குக் கடவுச்சொல் வைக்கிறேன். 22ஐயும் மற்ற எண்களையும் அன்றைக்கே மூடிவிட்டேன்.

வீட்டில் வைக்கக் கூடாதவையும் உண்டு. மின்னஞ்சல் சர்வர் வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து கிளம்பும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் குப்பை என்று ஒதுக்கிவிடும். கோவில் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஏற்றாதீர்கள். வியாபாரத்துக்கு என்றால், வீட்டு இணைப்பின் ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள்.

மின்னல் அடித்த மாலை

நம் நாட்டில் மின்னலைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஒரு மாலை நேர மழையில் பளீரென்று ஒரு வெளிச்சம். ரவுட்டர், சிறு கணினியின் மின் இணைப்பான், உள்ளே இருந்த வட்டு மூன்றும் சேர்ந்து போயின. ஒளியிழை வழியாக மின்னல் வராது. வந்தது மின்கம்பி வழியாக. படங்கள் எல்லாம் அந்த வட்டில்தான் இருந்தன.

இந்த முறை நான் அழவில்லை. காரணம், முன்பு பட்ட அடி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பலரும் பின்பற்றும் விதி. எனக்குச் சிறு கணினியில் ஒன்று, அலமாரிப் பூட்டுக்குள் கம்பி எதிலும் செருகாத வட்டில் ஒன்று, கிள்ளானில் தங்கை வீட்டில் ஒன்று. ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்குப் புதிய படங்கள் மட்டும் மறைகுறியாக்கப்பட்டு அங்கே போய்ச் சேர்கின்றன. அன்று பகலில் ஏற்றிய பத்துப் படங்கள் மட்டும்தான் போயின. அவற்றையும் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டேன்.

முதல் பிரதியை இணையம் வழியாக அனுப்ப நினைக்காதீர்கள். பல வீட்டுத் திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. வீடியோக்களோடு சேர்த்து என்னிடம் இருந்தது 400 ஜிபி. வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் போனாலும் ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். நான் வட்டை வீட்டிலேயே நிரப்பி, தீபாவளிக்குப் போகும்போது முறுக்கு டின்னோடு காரில் எடுத்துப்போய்விட்டேன்.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பிரதி எடுத்தால் போதாது. அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் நான் சோதனைக்காக ஒருமுறை மீட்டுப் பார்த்தேன். படங்கள் எல்லாம் வந்தன. படத்தில் இருப்பவர்களின் பெயர்கள் வரவில்லை. பெயர்களும் ஆல்பங்களும் தனியாக ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. நான் படக் கோப்புகளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அதைத் திருத்தினேன். மின்னல் அதற்கு முன்பே அடித்திருந்தால், 'மூன்றாம் நம்பர் லயத்துக் கங்காணி', 'ஆயாக் கொட்டகைப் பாட்டி' என்று பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியதெல்லாம் போயிருக்கும். முகம் இருந்து பெயர் இல்லாவிட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவரின் படம்தான்.

மின்னல் தடுப்புள்ள மின் பலகை ஒன்றும், சிறு யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். இடி இடிக்கும்போது செருகியைக் கழற்றிவிடுவது அதைவிட நல்லது. அரை மணி நேரம் படம் பார்க்க முடியாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

நாளை யார் பார்ப்பது?

வீட்டு சர்வரில் பணச்செலவு குறைவு. உண்மையான செலவு பொறுப்புதான். நிறுவனத்திடம் வைத்தால் அவர்கள் மூடிவிடலாம். என்னிடம் வைத்தால் நானே ஒருநாள் இல்லாமல் போவேன். அப்போதும் ஆல்பம் தொலையக் கூடாது அல்லவா?

அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். எந்தக் கணினியில் எது ஓடுகிறது, இணையப் பெயரின் கட்டணம் எப்போது, எந்த அட்டையிலிருந்து போகிறது, பிரதியைத் திறக்கும் கடவுச்சொல் எது என்று கைப்பட எழுதி, ரேஷன் கார்டுக் காலத்திலிருந்து அம்மா பத்திரங்கள் வைத்த அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். அண்ணன் மகனுக்கு இரண்டு முறை செய்து காட்டியாகிவிட்டது. மூன்றாம் முறை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தான். எனக்கு அன்றுதான் நிம்மதி.

தொடங்க நினைப்பவர்கள் நான்கையும் ஒரே நாளில் போட முயல வேண்டாம். ஒரு பழைய கணினி, ஒரு படத் தொகுப்பு, வீட்டுக்குள் மட்டும் என்று தொடங்குங்கள். ஒரு மாதம் ஓடட்டும். பிறகு தனிவழி. அதற்குப் பிறகு பிரதி. பிரதியிலிருந்து ஒருமுறை மீட்டுப் பார்த்த பிறகே மற்றவர்களின் படங்களை வாங்குங்கள். வெளிக்கதவு கடைசியில், அதுவும் தேவை இருந்தால் மட்டும்.

போன மாதம் ஜொகூர் பாருவிலிருந்து ஓர் அம்மா புலனக் குழுவில் எழுதியிருந்தார். பிரட்டுக்களப் படம் ஒன்றில் பின்வரிசையில், தலையில் துண்டு கட்டி, பால் வாளியோடு நிற்பவர் தன் அப்பா என்றார். அப்பா இறந்தபோது அவருக்கு மூன்று வயது. வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம். நாங்கள் அந்த ஆளுக்குப் பெயர் தெரியாமல் 'பால்வெட்டு ஆள்' என்று எழுதி வைத்திருந்தோம். அன்று இரவு அதை அழித்துவிட்டு, அவர் சொன்ன பெயரை எழுதினேன். இரண்டு மணிக்கு அதுவும் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது.